பாலாற்றங்கரையில் ஒரு பழைய வண்டி

விரிஞ்சிபுரம் மார்கபந்தீஸ்வரர் ஆலய வாயிலில், சென்ற தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம்; முகப்பில் சாமந்தி மாலை. அர்ச்சகர் கற்பூரம் காட்டி, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே, "புது வண்டியா?" என்று கேட்டார்.

"பத்து வருஷத்து வண்டி சாமி. எங்களுக்குப் புதுசு" என்றேன்.

"பிரேக்கு நல்லா இருக்குதா பார்த்துக்கோங்க. மத்ததை அவர் பார்த்துப்பார்" என்று சந்நிதிப் பக்கம் கையைக் காட்டினார்.

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 14 கிலோமீட்டர் சென்று, செதுவாலை அருகே பிரிந்தால் விரிஞ்சிபுரம். பாலாற்றின் தென்கரையில் உள்ள பழம்பதி. சுவாமிக்கு மார்கபந்து என்றும், தமிழில் வழித்துணைநாதர் என்றும் திருநாமம். காஞ்சிபுரத்துக்கு மிளகு மூட்டைகளோடு சென்ற வணிகர் ஒருவர், கள்வர் பயத்தால் இங்கே இறைவனை வேண்டிக்கொள்ள, சுவாமியே ஒரு வீரனாக வந்து அவருக்கு வழித்துணை சென்றார் என்பது தலபுராணம். அப்பய்ய தீட்சிதர் மார்கபந்து ஸ்தோத்திரம் பாடியதும் இந்தப் பெருமான் மீதுதான். பயணம் புறப்படுமுன் அதைச் சொல்லும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் உண்டு. ஆகவே இந்தப் பகுதியில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். உயர்ந்த மதிலைப் பார்த்தபடி, புதிய கார்களும் பால் வண்டிகளும் டிராக்டர்களுமாக வரிசையில் நிற்கும் அந்தக் காட்சியே ஓர் அழகு.

பத்து வருஷத்து வண்டியை அந்த வரிசையில் நிறுத்தியபோது எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

எங்களுக்கு வண்டி எதற்கு என்று வெளிநாட்டில் இருக்கும் மகன் கேட்டான். கேள்வி நியாயமானது. நான் வங்கியிலிருந்து ஓய்வுபெற்று ஏழாண்டு ஆகிறது. வயது 67. கைப்பேசியில் தட்டினால் வாசலுக்கு வாடகைக் கார் வருகிறது. ஆனால் எங்கள் வீட்டுப் பயணம் எப்போதும் இரண்டு பேர் பயணம் அன்று. என் மனைவி, 76 வயதான என் அக்கா, மனைவியின் தங்கை, அவர் கணவர், சில நாள்களில் எதிர்வீட்டு அம்மையார் என்று ஆறு பேர் சேர்ந்துவிடுவார்கள். சிறிய காரில் இரண்டு முறை போகவேண்டும். பெரிய கார் கேட்டால், காத்திருப்புக் கட்டணம், ஓட்டுநர் பேட்டா என்று கணக்கு நீளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அர்த்தஜாமம் முடியட்டும் என்று அக்கா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால், வெளியே ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார் என்ற நினைப்பே தரிசனத்தைக் கெடுத்துவிடும். ஏழு பேர் அமரக்கூடிய, உயரமான, டீசல் வண்டி ஒன்று பழையதாகக் கிடைத்தால் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கிடைத்த இடம்தான் கட்டுரைக்குக் காரணம். ஆம்பூரில் நான் பணிபுரிந்த காலத்தில் எங்கள் கிளையின் வாடிக்கையாளராக இருந்த பாய் ஒருவர், தோல் வியாபாரி, தம் வண்டியைக் கொடுத்துவிட்டுச் சிறியதாக ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். "பிள்ளைங்க எல்லாம் சென்னைக்குப் போயிட்டாங்க சார். ஏழு சீட்டுக்கு ஆள் இல்லை. உங்க கைக்குப் போனா எனக்குச் சந்தோஷம்" என்றார். 5,40,000 ரூபாய்க்கு முடிந்தது. நிறுவனத்தின் பெயர் வாசகர்களுக்குத் தேவையில்லை. நம் ஊர்ச் சாலைகளில் நாள்தோறும் காணும் வகைதான்.

பழைய வண்டி வாங்க நினைக்கும் அன்பர்களுக்காக இந்த இடத்தில் ஒரு பழைய வங்கிக்காரனாகச் சிலவற்றைச் சொல்ல அனுமதி வேண்டும். வண்டியின் பளபளப்பைவிட அதன் காகிதம் முக்கியம். பாய் கடனை அடைத்து ஆறாண்டு ஆகியிருந்தது. ஆனாலும் பதிவுச் சான்றில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியே நின்றது. கடன் தீர்ந்ததும் நிறுவனம் தரும் தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து அந்தப் பதிவை நீக்க வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, "மறக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி அனுப்பியவன் நான். அவர்களில் பாதிப் பேர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. பாயும் அப்படியே வைத்திருந்தார். அது முடிந்த பிறகே பெயர் மாற்றம். அதற்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டை நம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்னவர் ஈட்டிய போனஸ் தள்ளுபடி அவரோடே போய்விடும், நமக்கு வராது. சுங்கச்சாவடிக்கான ஃபாஸ்டேக் வில்லையும் அவ்வாறே. அவருடையதை ரத்துசெய்து நம் பெயரில் புதிதாக ஒட்ட வேண்டும். இல்லையேல் நாம் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் அவர் கணக்கில் பணம் கழியும். எங்கள் விஷயத்தில் இரண்டு முறை கழிந்துவிட்டது. பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது, பாய் டீ வாங்கிக் கொடுத்தாரே தவிர அதைத் தொடவில்லை.

இன்னொன்று, டயர். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. எங்கள் வண்டியில் 1416 என்று இருந்தது. அதாவது 2016ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம். பார்வைக்கு நன்றாகவே இருந்த நான்கையும் மாற்றினேன். மலைக்கோயில் பாதையில் ஆறு பேரை ஏற்றிச் செல்பவன் அந்த விஷயத்தில் சிக்கனம் பார்க்கலாகாது.

காகிதமெல்லாம் சரியானபின்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது. வண்டியின் இருக்கைகள் தோல்.

கடைகளில் தோல் என்று சொல்லிப் போட்டுத்தரும் ரெக்ஸின் அன்று, அசல் தோல். "எங்க ஷாப்புத் தோல் சார். நானே நின்னு பொறுக்கி வெட்டித் தைக்கச் சொன்னது" என்று பாய் பெருமையோடு சொன்னார். பத்தாண்டு ஆகியும் ஒரு வெடிப்பு இல்லை. கருஞ்சிவப்பு நிறம், கைபட்டுக் கைபட்டு மெருகேறி இருந்தது. என் மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் முதல் நாள் வாசலில் வந்து கதவைத் திறந்து பார்த்த அக்கா, திறந்த கையோடு மூடிவிட்டார்.

"கோயிலுக்குப் போற வண்டியிலயா? நான் பஸ்ஸுல வந்துக்கிறேன், தம்பி. நீங்க போங்க."

நான் வாதம் செய்தேன், செய்திருக்கக் கூடாது. மிருதங்கத்தில் என்ன இருக்கிறது அக்கா, ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் எருமைத்தோல் வாரும்தானே, அது சந்நிதியிலேயே ஒலிக்கவில்லையா என்றேன். சிவபெருமான் உடுத்ததே புலித்தோல், போர்த்ததே யானைத்தோல் என்றேன். அக்கா எதற்கும் பதில் சொல்லவில்லை. அக்கா பதில் சொல்லாவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். கடைசியில் என் மனைவிதான் வழி கண்டார். கைத்தறிப் போர்வைகள் இரண்டை வெட்டித் தைத்து, ஒவ்வொரு இருக்கைக்கும் உறைபோல மாட்டினார். அதன் பிறகு அக்கா ஏறினார். அதுவும் முழங்கையைக் கதவுப் பக்கத்துத் தோலில் படாமல் ஒடுக்கிக்கொண்டு.

இதில் ஒரு விசித்திரம். முன்கண்ணாடியின் ஓரத்தில் 786 என்று சிறிய வில்லை ஒன்று பாய் காலத்தில் ஒட்டியது இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பிள்ளையாரை ஒட்டலாம் என்று என் மனைவி சொன்னபோது, "அவங்க சாமி பேரு. நகத்தால சுரண்டிக் கீழே போடுவியா? இருந்துட்டுப் போவட்டும்" என்று தடுத்தவர் இதே அக்காதான். பிள்ளையார் பக்கத்தில் வந்தார். இருவருக்கும் இடம் போதுமாக இருக்கிறது.

அந்த விரிஞ்சிபுரப் பூஜை முடிந்து, அன்று உள்ளே நிதானமாகத் தரிசனம் செய்தோம். சுவாமியின் திருமேனி சற்றே சாய்ந்திருக்கும். பூஜைமுறை வந்த பாலகனுக்கு உச்சி எட்டாமல் போக, அவனுக்காக இறைவன் தலை சாய்த்தார் என்று சொல்வார்கள். தாயார் மரகதாம்பிகை. வெளிப் பிரகாரத்தில் பாதிச் சந்திரன் வடிவில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது. மேலே ஒரு குச்சியை வைத்தால், நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுவே மணி. நான் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்தேன். எத்தனை முறை வந்தாலும் பார்க்கத் தோன்றுகிறது; வங்கிப் புத்தி.

இந்தப் பத்து மாதத்தில் வண்டி 6,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எங்கெங்கே என்று எல்லாவற்றையும் எழுதினால் இதழ் கொள்ளாது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்துக்கு மாதம் இரண்டு முறை. நான் பணியில் சேர்ந்த 1981ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் அங்கே எழுந்தருளச் செய்தார்கள். பல தலைமுறைகளாக மூலவரின்றி இருந்த கருவறைக்கு அன்று விளக்கேற்றிய செய்தி ஊரெங்கும் பரவியது அக்காவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாரியார் சுவாமிகள் 1906இல் அவதரித்த காங்கேயநல்லூருக்கு அவர் ஞானத்திருவளாகத்தைத் தரிசிக்கப் போனோம். ரத்தினகிரி, வள்ளிமலை, திருவலம், படவேடு ரேணுகாம்பாள். ஸ்ரீபுரத்தில் வண்டியை நிறுத்தியபின் நட்சத்திர வடிவப் பாதையில் நடக்க வேண்டிய தூரம் அதிகம். முழங்கால் நோய் உள்ளவர்கள் அதை எண்ணிப் புறப்பட வேண்டும். சோளிங்கரில் நிலைமை மாறிவிட்டது. 1,305 படிகள் என்று அண்ணாந்து பார்த்துக் கீழிருந்தே கும்பிட்டுத் திரும்பிய அக்கா, 2024இல் வந்த கம்பிவட ஊர்தியின் தயவால் முப்பதாண்டுக்குப் பிறகு யோக நரசிம்மரைக் கண்குளிரச் சேவித்தார்.

வண்டியோடு வாழ்வது பற்றிச் சொல்கிறேன். உயரம் நன்மையும் தீமையும் ஆகும். கிராமத்துச் சாலைகளில், தேங்காய்ப் பாதி அளவு கல் கிடந்தாலும், அறிவிப்பில்லாத வேகத்தடை வந்தாலும், அடி தட்டுவதில்லை. மழைநாளில் தண்ணீர் தேங்கிய தரைப்பாலத்தைக் கண்டால் மட்டும் எந்த உயரத்தையும் நம்பாதீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. தீமை, ஏறுவதில். இளைஞர்கள் தாவி ஏறும் படி, எழுபது வயதுக்கு ஒரு சுவர். நிறுவனத்தார் விற்கும் பக்கப்படியைப் பொருத்தினேன்; அது குறுகல், மழையில் வழுக்குகிறது. இப்போது எங்கள் வீட்டு கொலுவில் கீழ்ப்படிக்கு முட்டுக்கொடுக்கும் பழைய மர முக்காலி ஒன்று நிரந்தரமாக வண்டியின் பின்புறத்தில் கிடக்கிறது. வண்டி நின்றதும் நான் இறங்கி, அதைக் கதவடியில் வைத்து, கை கொடுக்க வேண்டும். படவேட்டில் ஒரு பூக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "மகாராணி இறங்குறாங்க" என்றார். அக்காவுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

மூன்றாம் வரிசை இருக்கைகள் பெரியவர்களுக்கு அன்று. அங்கே போவதற்கு நடு இருக்கையை மடித்துக் குனிந்து நுழைய வேண்டும். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை முட்டும். ஏழு இருக்கை என்பது காகிதத்தில் ஏழு. எங்கள் வயதில் ஐந்து. பின் வரிசையில் பூக்கூடையும் பிரசாதப் பாத்திரங்களும் முக்காலியும் சுகமாகப் பயணம் செய்கின்றன. இரவில் நான் ஓட்டுவதில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகு எதிர்வண்டி வெளிச்சம் சிதறித் தெரிகிறது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்கச் சொல்வது காரணமின்றி அன்று. அர்த்தஜாமம் பார்க்கும் நாள்களில் தெருவில் இருக்கும் ஓட்டுநர் தம்பியை அழைத்துக்கொள்கிறேன். அவரும் எங்களோடு உள்ளே வந்து தரிசனம் செய்துவிடுவார். காத்திருப்பு என்ற சொல்லே எழுவதில்லை.

இனி ஆம்பூர்ப் பயணம்.

சித்திரைக் கடைசி, அக்னி நட்சத்திரம். சமயவல்லித் தாயார் உடனுறை நாகநாத சுவாமியைத் தரிசித்துவிட்டு, ஊருக்கு வெளியே எங்கள் பூர்விகக் கிராமத்தையும் பார்த்துவர வேண்டும் என்று அக்கா நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிகொண்டாவில் உத்தர ரங்கநாதரைச் சேவித்துவிட்டு மேற்கே திரும்பினோம். சிறிது நேரத்தில் ஏசியிலிருந்து அனல் வரத் தொடங்கியது. பிறகு மெக்கானிக் பார்த்துக் கம்ப்ரஸர் என்றும் வாயு கசிவு என்றும் சொன்னார், 9,500 ரூபாய். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினேன். ஆம்பூர் நெருங்க நெருங்கக் காற்றில் அந்த வாடை ஏறிற்று. உப்புப் போட்ட பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை. அந்தப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். வாழாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

என் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். அக்கா மூடவில்லை. வெளியே பார்த்தபடி, "அப்பா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

எங்கள் தந்தையார் ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில் கணக்கராக இருந்தார். தோலைத் தொட்டவர் அல்லர்; பேரேட்டைத் தொட்டவர். ஆயினும் நாள் முழுதும் அந்தக் கொட்டகைகளில் இருந்துவிட்டு வருவதால் சட்டையில் வாடை இருக்கும். தெருவாசல் வழியாக வரமாட்டார். கொல்லைப்புறம் வந்து, கிணற்றடியில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். அவருக்குத் தண்ணீர் சேந்தி வைப்பது மூத்தவளான அக்காவின் வேலை. இவ்வளவும் எனக்குத் தெரிந்ததே. தெரியாத ஒன்றை அக்கா அன்றுதான் சொன்னார்.

"என்னைப் பார்க்க வாலாஜாவுலேருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் எல்லாம் பொருந்திப்போச்சு. அப்புறம் 'தோல்ஷாப்பு வீட்டுல வேணாம்'னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்பா காதுபடச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அப்பா கோயிலுக்குப் போனா கொடிமரத்தைத் தாண்டி உள்ள போனதே இல்லை. நீ சின்னப் பிள்ளை. உனக்குத் தெரியாது."

வண்டியில் யாரும் பேசவில்லை. நான் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றி, எல்லோர் தலையும் ஆடியது.

தை மாதத்தில் நான் அக்காவிடம் மிருதங்கத்தைப் பற்றியும் யானைத்தோலைப் பற்றியும் எடுத்துச் சொன்னது நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. ஆசாரத்தால் விலகுகிறார் என்று எண்ணினேன். அறுபது ஆண்டுக்கு முன்பு ஒருவர் சொன்ன சொல் இன்னும் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கெப்படித் தெரியும்?

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாற்றை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். ஆதனூர் நந்தனார் சிவாலயங்களுக்குச் செய்த திருத்தொண்டு எது? பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொண்டுபோய்க் கொடுத்தது. கொடுத்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். கொடுத்த பொருள் உள்ளே போய் ஒலித்தது. இதை எத்தனையோ உபந்நியாசங்களில் கேட்டுக் கண்ணீர் விட்டிருக்கிறேன். கொடிமரத்தடியில் நின்ற என் தந்தையை அதோடு சேர்த்து நினைத்ததில்லை.

நாகநாத சுவாமி சந்நிதியில் அக்கா நெடுநேரம் நின்றார். பிறகு கிராமத்துக்குப் போனோம். எங்கள் வீடு இப்போது இல்லை. வேறொருவர் மாடி கட்டியிருக்கிறார். கொல்லைக் கிணறு இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் நல்ல மனத்தோடு உள்ளே அழைத்துக் காட்டினார். அக்கா சொம்பில் கொஞ்சம் மொண்டு வாயில் வைத்தார்; துப்பிவிட்டார். "குடிக்கிறதுக்கு ஆவாது பாட்டி. கேன் தண்ணிதான்" என்றார் அந்தப் பெண். எந்த நீரில் எங்கள் தந்தை வாடை போகக் குளித்தாரோ, அந்த நீர் உவர்த்துக் கிடக்கிறது.

இங்கே நான் ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. அந்தத் தொழிலில்தான் எங்கள் தந்தை சம்பளம் வாங்கினார்; அதில்தான் நான் படித்தேன். முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தொழில் இது. 1970களில் பதனிடாத, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியபின், முழுத் தோலும் காலணியுமாக வளர்ந்தது. குரோமிய உப்பு கொண்டு பதனிடுவது பெருகியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டி ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு அடுப்பு எரிந்தது. கழிவு ஆற்றுக்குப் போனது. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்த அந்தத் தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். ஒவ்வொரு தோல்ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாதவை மூடப்பட வேண்டும் என்று ஆணை.

அந்த ஆண்டு நான் ஆம்பூர்க் கிளையில் ஏற்றுமதிக் கடன் பிரிவில் இருந்தேன். தீர்ப்பு வந்த வாரம் நான் கவலைப்பட்டது ஆற்றைப் பற்றி அன்று. என் மேசையில் இருந்த கடன் கணக்குகளைப் பற்றி. எந்த ஷாப்பு மூடும், எந்தக் கணக்கு வாராக் கடனாகும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கிணற்று நீர் அப்போதே மாறத் தொடங்கியிருந்தது. ஊருக்குப் போனபோது அம்மா சொன்னார். சமையலுக்கு வேறு கிணற்றில் எடுக்கிறேன் என்றார். நான் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பல ஷாப்புகள் திருந்தின, சில மூடின. ஆனாலும் 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றைப் பற்றி, இதே தோல் கழிவைப் பற்றி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று தீர்ப்பெழுத நேர்ந்திருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டு.

திரும்பும் வழியில் பாயைப் பார்த்தோம். ஏசி ஓடவில்லை என்று நான் சொல்லவில்லை. வேர்வையைப் பார்த்து அவரே கண்டுபிடித்துவிட்டார். "நான் கொடுக்கும்போது நல்லா இருந்துச்சே சார்" என்று பதறினார். பத்தாண்டு வண்டி பாய், அதற்கும் வயதாகாதா என்று சமாதானம் சொன்னேன். இருக்கைகளின் மேல் போர்வை உறையைப் பார்த்தார். ஒரு கணம் எதுவோ கேட்க வந்தவர், அக்காவைப் பார்த்து, "துணி போட்டா வெயிலுக்கு நல்லதுதான் அம்மா. தோல் சுடும்" என்றார். அக்கா, "ஆமாம்ப்பா, சுடுது" என்றார். அவ்வளவுதான். வீட்டிலிருந்து எல்லோருக்கும் ரோஸ்மில்க் வந்தது. அக்கா வெளியில் எங்கும் எதுவும் குடிக்காதவர், அன்று குடித்தார்.

செலவுக் கணக்கு எழுதாவிட்டால் என் நண்பர்கள் நம்பமாட்டார்கள். டீசல் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் வீதம், இதுவரை 44,000 ரூபாய். டயர் நான்குக்கு 28,000, பாட்டரி 6,500, அடிப்பகுதியில் ரப்பர் புஷ்களும் லிங்க் ராடும் மாற்ற 11,000, ஏசி 9,500, எண்ணெய் மாற்றுச் சர்வீஸ் 7,000. காப்பீடு 15,000. ஆக 1,21,000, கிலோமீட்டருக்கு 19 ரூபாய் 50 காசு. பெரிய வாடகைக் காரும் ஏறக்குறைய அந்த விலைதான் கேட்கிறது. வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்வதை நான் சேர்க்கவில்லை; சேர்த்தால் மகன் சொன்னதே சரி. அவனிடம் இதை ஒப்புக்கொண்டேன். "அப்போ வித்துடுங்கப்பா" என்றான். டயரும் பாட்டரியும் போட்டு முடித்தபின்தானா விற்பது என்று கேட்டேன். அதுவும் ஒரு கணக்குதான். பலமான கணக்கு என்று சொல்லமாட்டேன்.

பதினைந்தாண்டு முடிந்தால் தகுதிச் சான்று, பசுமை வரி என்று வேறு அத்தியாயம் தொடங்கும். அதற்கு இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது. அப்போது எனக்கு 72, அக்காவுக்கு 81.

ஆம்பூரிலிருந்து வந்த மறுநாள் என் மனைவி இருக்கை உறைகளை எல்லாம் கழற்றித் துவைக்கப் போட்டார். மழை பிடித்துக்கொண்டதில் இரண்டு நாள் காயவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, கோட்டைக் கோயிலுக்குப் புறப்பட வேண்டும். உறையில்லாத இருக்கையைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ஆட்டோ சொல்லட்டுமா அக்கா என்று கேட்டேன். அக்கா முக்காலியில் கால் வைத்து ஏறி, தோல் இருக்கையில் உட்கார்ந்தார். கையை மட்டும் மடியிலேயே வைத்திருந்தார். கோட்டை அகழி வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "உறை காய்ஞ்சதும் மாட்டிடச் சொல்லு" என்றார். மாட்டிவிட்டோம். இப்போதும் உறை இருக்கிறது.

கார்த்திகைக் கடை ஞாயிறு வருகிறது. விரிஞ்சிபுரத்தில் சிம்ம தீர்த்தத்தில் நீராட, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முதல் நாளே வந்து கூடிவிடுவார்கள். தங்கை மகளை அழைத்துப்போக வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். நள்ளிரவுப் பயணம், ஓட்டுநர் தம்பியிடம் சொல்லி வைத்தாயிற்று. பின்புறக் கதவின் பூட்டு சற்று இறுகுகிறது; அதற்குள் பார்த்துவிட வேண்டும்.